மாடி வீட்டுக்காரர்கள்

ஹவாயின் ஓவாஹு தீவில் வைப்பாஹு என்றோர் ஊர். ஹொனலூலுவிலிருந்து மேற்கே பஸ்ஸில் போனால் ஒரு குட்டித் தூக்கம் போட்டு எழலாம். சுற்றுலாக்காரர்கள் எட்டிப் பார்க்காத ஊர். 1995இல் மூடிய கரும்பாலையின் புகைபோக்கிதான் அடையாளம். அங்கே ஒரு பிலிப்பினோக் குடும்பத்தின் வீட்டில், கீழ்த்தளத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம்.

மாடியில் நான்கு தலைமுறை. பாட்டியை எல்லோரும் லோலா என்பார்கள். நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். மகள் முதியோர் இல்லத்தில் உதவிச் செவிலியர். மருமகன் வைக்கீக்கியில் ஒரு ஹோட்டல் சமையல்கட்டில். பேரனுக்கு விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்கும் வேலை, அவன் மனைவிக்குக் கடையில். ஷிப்டு மாறி மாறி வருவதால் எந்நேரம் போனாலும் ஒருவர் தூங்குவார், ஒருவர் சாப்பிடுவார், ஒருவர் இடுப்பில் கொள்ளுப்பேத்தி இருப்பாள். வீட்டுக் கடனை நான்கு சம்பளம் சேர்ந்து கட்டியது, கூடவே எங்கள் வாடகையும். கூட்டுக் குடும்பம் என்று நாம் பெருமூச்சு விடுகிற விஷயம் அங்கே பாசத்தால் மட்டும் நிற்கவில்லை. அமெரிக்காவிலேயே வீட்டு விலை மிக அதிகமான மாநிலங்களில் ஒன்று ஹவாய். பிரிந்து போனால் கட்டுப்படியாகாது. அதற்காகப் பாசம் பொய் என்று சொல்லமாட்டேன். வேலையிலிருந்து வந்ததும் லோலாவின் கையை எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொண்டுதான் பேரன் செருப்பையே ஓரமாகத் தள்ளுவான்.

எங்களுக்கும் லோலாவுக்கும் பழக்கம் பிடித்தது பின்கட்டு முருங்கையால். அவர் கீரையை உருவும் விதம் எங்கள் ஊர்க் கிழவிகளின் விதமேதான்: காம்பை இடக்கையில் பிடித்து, வலக்கை விரலிடுக்கில் ஒரே இழுப்பு. பாசிப்பயறு வேகும்போது அந்தக் கீரையைப் போடுவார். காயைக் கத்தரி, பாகலோடு சேர்த்து, புளிக்கவைத்த மீன் விழுது கலந்து வேகவைப்பார். நாங்கள் பொரியலுக்குத் தேங்காய் துருவிப் போட்டதைப் பார்த்து, நல்ல கீரையைக் கெடுக்கிறார்களே என்பதுபோல் முகம் சுளித்தார். இரண்டு வீடு தள்ளி இருந்த ஜப்பானியத் தாத்தா மாம்பழம் கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் கீரை வாங்கிப்போவார். இந்தக் கொடுக்கல் வாங்கல் கடற்காற்றோடு சேர்ந்து வந்ததென்று சுற்றுலாக் கையேடுகள் நம்மை நம்பவைக்கும். லோலா அதை நம்பவில்லை. அவருக்கு அப்பாவின் கதை தெரியும்.

1898இல் ஹவாயைத் தன்னோடு இணைத்துக்கொண்ட அமெரிக்கா, அதே ஆண்டு ஸ்பெயினிடமிருந்து பிலிப்பைன்ஸையும் பெற்றது. கரும்பு முதலாளிகளுக்கு வசதியாகப் போயிற்று. 1906 டிசம்பரில் முதல் 15 பிலிப்பினோத் தொழிலாளர்கள் வந்திறங்கினார்கள். 1909இல் ஜப்பானியத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்ததும், அவர்களை அடக்க மணிலாவிலிருந்து கப்பல் கப்பலாக ஆள் வந்தது. இனத்துக்கு ஒரு லயன், இனத்துக்கு ஒரு கூலி. பிலிப்பினோவுக்கு அடிமட்டக் கூலி. 1924இல் பிலிப்பினோக்கள் தனியாக வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். கவாய் தீவின் ஹனபேப்பேயில் 16 தொழிலாளர்களும் 4 போலீஸ்காரர்களும் செத்தார்கள். மற்ற இனத்தார் கூட வரவில்லை.

லோலாவின் அப்பா இலோக்கோஸ் நோர்த்தே மாகாணத்துக்காரர். 1946இல் முதலாளிகள் சங்கம் கொண்டுவந்த ஏறத்தாழ 6,000 பேரில் ஒருவர். அப்போது லோலா கைக்குழந்தை. இந்த முறை தொழிற்சங்கம் முந்திக்கொண்டது. கப்பலிலேயே ஆள் வைத்து உறுப்பினர் சேர்த்தது. செப்டம்பரில் 33 தோட்டங்களில் சுமார் 26,000 பேர், எல்லா இனத்தாரும் ஒன்றாக, 79 நாள் வேலையை நிறுத்தினார்கள். பொதுச் சமையல் நடந்தது. சிலர் மலைக்கு வேட்டைக்குப் போனார்கள், சிலர் கடலுக்கு. அப்பா ஜப்பானியர்களோடு மீன்பிடிக்கப் போனாராம், ஒருவர் பேச்சு ஒருவருக்குப் புரியாமலே. ஒட்டுறவு அங்கேதான் பிறந்தது என்பது என் கட்சி. பசிக்கிற வயிறுகள் ஒரே அடுப்பை நம்பி இருந்தன. 1965இல் குடியேற்றச் சட்டம் தளர்ந்த பிறகு அவர் மனுப்போட்டு மகளை வரவழைத்தார். தகப்பன் முகத்தை நன்றாகப் பார்த்தபோது தனக்கே கல்யாணமாகியிருந்தது என்று லோலா சொல்வார், சிரித்துக்கொண்டேதான்.

கொள்ளுப்பேத்தியின் முதல் பிறந்தநாள் கார் நிறுத்துமிடத்தில் நடந்தது. முதல் பிறந்தநாளைத் தடபுடலாகக் கொண்டாடுவது ஹவாய்ப் பூர்வகுடிகளின் வழக்கம். இன்று தீவிலுள்ள எல்லா இனத்தாரும் செய்கிறார்கள். தார்ப்பாய் கட்டி, மடக்கு மேசை போட்டு, மண்ணடுப்பில் வெந்த பன்றி, பான்சித் நூடுல்ஸ், சோற்றின் மேல் டின் இறைச்சி வைத்துக் கடற்பாசியில் சுற்றிய ஜப்பானியப் பண்டம். சாப்பாட்டை அலுமினியத் தாளில் கட்டிக்கொள்ளாமல் யாரையும் வெளியே விடவில்லை. எங்கள் பங்கு எலுமிச்சைச் சாதம். கடைசியில் பாத்திரம் காலி. மரியாதைக்குத் தின்றார்களோ என்னவோ.

கேலியும் உண்டு. புதிதாக வந்த பிலிப்பினோவின் உச்சரிப்பைக் கிண்டல் செய்வது தீவில் பழைய வேடிக்கை. அதில் முன்னால் நிற்பது அங்கேயே பிறந்த பிலிப்பினோப் பிள்ளைகள். எல்லா இனத்தைப் பற்றியும் நகைச்சுவை உண்டு, சிரித்துவிட்டுப் போகத் தெரிந்தவன்தான் உள்ளூர்க்காரன் என்பது அங்கே தத்துவம். எனக்கு அது ஒட்டவில்லை. 1994இல் பென் காயெட்டானோ ஹவாய் ஆளுநராகத் தேர்வானார். அமெரிக்க மாநிலமொன்றில் அந்தப் பதவிக்கு வந்த முதல் பிலிப்பினோ வம்சாவளிக்காரர் அவர். அதற்குப் பிறகும் லோலாவின் பேரன் பள்ளிக்கூடத்தில் கேலிக்குப் பயந்து, தன் வீட்டு மொழியான இலோக்கானோ தெரியாததுபோல் நடித்தானாம். ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் அதே மொழி பாடமாக இருந்தது.

அந்தப் பேரன்தான் முதலில் கிளம்பினான். மனைவி, குழந்தையோடு லாஸ் வேகாஸ். ஹவாய்க்காரர்கள் அத்தனை பேர் அங்கே குடியேறியிருப்பதால் அதை ஒன்பதாவது தீவு என்றே சொல்கிறார்கள். சொந்த வீடு வாங்கலாம், அவ்வளவுதான் காரணம். பிலிப்பைன்ஸுக்குச் சாமான் அனுப்பிப் பழகிய லோலா, முருங்கைக்கீரையைக் காயவைத்து அட்டைப்பெட்டியில் பேரனுக்கு அனுப்பத் தொடங்கினார்.

மூன்று தலைமுறை உழைத்து ஒட்டிக்கொண்ட குடும்பம் வீட்டு விலையால் பிய்கிறதே என்று எனக்கு ஆத்திரம். லோலாவுக்கு இல்லை. நாங்கள் வந்தவர்கள், போகிறோம். இந்த மண்ணுக்காரர்களைப் பாருங்கள் என்றார். அவர் சொன்னது கணக்கிலும் இருக்கிறது. 2020 கணக்கெடுப்பின்படி ஹவாய்ப் பூர்வகுடிகளில் பாதிக்கு மேற்பட்டோர் ஹவாய்க்கு வெளியேதான் வாழ்கிறார்கள்.