தீர்ப்புக்கு முந்திய தண்டனை

2006இல் மாவிலாற்றில் இலங்கை இராணுவத்துக்கும் புலிகளுக்கும் மூண்ட சண்டை மூதூர், சம்பூர் என்று பரவியபோது, திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய எங்கள் தெருக்களில் சுற்றிவளைப்பு அடிக்கடி நடந்தது. ஒருநாள் விடியப்புறம் ஆண்களையெல்லாம் மைதானத்தில் வரிசையாக இருத்தினார்கள். ஆட்களைக் காட்டிக்கொடுக்கும் முகம் மூடிய தலையாட்டி, அண்ணாவின் முன்னால் வந்ததும் தலையை ஆட்டினான். "கடலுக்குப் போற பிள்ளை ஐயா" என்று அம்மா கும்பிட்டுக் கதறினா. அண்ணாவை ஏற்றிய வாகனம் புறப்பட்டுவிட்டது.

பயங்கரவாதத் தடைச்சட்டத்தில் பிடித்திருப்பதாகப் பிறகுதான் அறிந்தோம். 1979இல் மூன்று வருடத்துக்கென்று வந்த சட்டம், 1982இல் நிரந்தரமாக்கப்பட்டது. மூன்று மூன்று மாதமாக நீட்டி, 18 மாதம் வரை வழக்கில்லாமல் தடுத்துவைக்க அது அன்று இடம் கொடுத்தது. அதன் பிறகு விளக்கமறியல், தவணைக்கு மேல் தவணை. அவனைப் பார்க்க இரவு பஸ்ஸில் கொழும்புச் சிறைக்குப் போவோம். அம்மா அவித்துக் கொண்டுபோன புட்டைக் கம்பியால் குத்திக் கிளறிப் பார்த்துவிட்டு உள்ளே விடுவார்கள். வலைக்கு அந்தப் பக்கம் நின்று அண்ணா ஒருமுறை சொன்னான்: "அடுத்த தவணைக்கு வர வேணாம் அம்மா. அப்பாட்ட காசு முடிஞ்சிருக்கும்."

அவனுக்கு எதிரான ஒரே சாட்சி அவனுடைய வாக்குமூலம். சட்டத்தரணி அதைக் காட்டினார். சிங்களத்தில் தட்டச்சு செய்த பக்கங்கள். ஒவ்வொன்றின் அடியிலும் அண்ணாவின் தமிழ்க் கையெழுத்து. பஸ் பலகையைக்கூடச் சிங்களத்தில் வாசிக்கத் தெரியாதவன் அவன். சாதாரணச் சட்டத்தில் பொலிஸாரிடம் கொடுத்த ஒப்புதல் செல்லாது. இந்தச் சட்டத்தின் 16ஆம் பிரிவில், உதவிப் பொலிஸ் அத்தியட்சகரோ அவருக்கு மேற்பட்டவரோ பதிந்தால் செல்லும். அடித்து வாங்கினார்கள் என்றால், அதை நிரூபிக்க வேண்டியவர் அடி வாங்கியவர்தான். மட்டக்களப்பு நல்லரத்தினம் சிங்கராசாவுக்கு அப்படியான ஒப்புதலை வைத்தே 1995இல் 50 வருடச் சிறை விதித்தார்கள். மேன்முறையீட்டில் அது 35 ஆனது. அவருக்கு நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்று ஐ.நா. மனித உரிமைக் குழு 2004இல் சொல்லியும், 2006இல் உயர் நீதிமன்றம் அவருடைய மனுவை ஏற்கவில்லை.

அண்ணாவை வழக்கிலிருந்து விடுவித்தபோது அம்மாவின் தாலிக்கொடியும் அப்பாவின் தோணியும் விலைபோயிருந்தன. குற்றவாளி என்று எந்த நீதிமன்றமும் சொல்லாத ஒருவன் தன் இளமையைச் சிறையில் கொடுத்தான்.

2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பிறகு இதே சட்டம் முஸ்லிம் வீடுகளின் கதவைத் தட்டியது. அந்தத் தாய்மாரின் முகத்தில் என் அம்மாவைக் கண்டேன். அன்று தேவாலயங்களில் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களுக்கு உண்மை தெரிய வேண்டும். அடித்து வாங்கிய கையெழுத்து அந்த உண்மையைத் தராது.

2022 திருத்தம் 18 மாதத்தை 12 ஆக்கியது. 16ஆம் பிரிவைத் தொடவில்லை. சிறைகள் நிரம்பி வழிகின்றன, சீர்திருத்த வேண்டும் என்று இன்று பேசுகிறார்கள். நல்லது. அந்தப் பேச்சு, தீர்ப்பில்லாமல் உள்ளே இருப்பவர்களிலிருந்து தொடங்கட்டும். சாட்சியம் இருந்தால் வழக்கை உடனே நடத்துங்கள். இல்லையென்றால் பிள்ளையை வீட்டுக்கு அனுப்புங்கள்.