புகை எப்போது வருகிறது?

வாகனத்தின் பின்னால் புகை வந்தால் எல்லோரும் முதலில் பார்ப்பது அதன் நிறத்தைத்தான். வெள்ளை என்றால் தண்ணீர், கறுப்பு என்றால் பெற்றோல் கூடிவிட்டது, நீலம் என்றால் ஒயில் எரிகிறது. வீதியோரம் நிற்கும் சிறுவனுக்கும் தெரிந்த பாடம் இது. பாடத்தில் பிழையில்லை. ஆனால், முப்பது வருடங்களாக இந்தத் தொழிலில் கையும் நகமும் கறுத்துப்போன எனக்கு நிறம் பாதிக் கதைதான். மீதிக் கதை, அந்தப் புகை எப்போது வருகிறது என்பதில் இருக்கிறது.

இலக்கியச் சஞ்சிகையில் எஞ்சினைப் பற்றியா என்று நண்பர்கள் சிலர் சிரிக்கக்கூடும். கவிதை எழுதுகிறவன் கராஜ் நடத்தலாமென்றால், அந்தக் கராஜைப் பற்றி இரண்டு பக்கம் எழுதவும் செய்யலாம்தானே.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் ஓடக்கூடிய எந்தப் பழைய வாகனத்துக்கும் நினைத்துப்பார்க்க முடியாத விலை இருந்தது. அப்படியான ஒரு நாளில், 2023இல், மாவனல்லையிலுள்ள எனது கராஜுக்கு ஒரு தம்பி தன் சுபாரு இம்ப்ரெஸா டபிள்யூ.ஆர்.எக்ஸைக் கொண்டுவந்தான். கத்தாரில் வேலை செய்பவன். விடுமுறை முடிய மூன்று வாரங்கள் இருந்தன. காரை விற்று, பாதியில் நிற்கும் வீட்டுக்குக் கூரை போட்டு, உம்மாவை அதில் குடியேற்றிவிட்டுப் போவதுதான் அவனது திட்டம்.

அந்தக் காரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1992இல் ஜப்பானில் வெளிவந்தபோதே, இரண்டு லீற்றர் எஞ்சினிலிருந்து டர்போவின் துணையோடு 240 குதிரைவலு எடுத்த வாகனம் அது. 1995இல் கொலின் மெக்ரேயும், 2001இல் ரிச்சர்ட் பேர்ன்ஸும், 2003இல் பெட்டர் சோல்பேர்க்கும் உலக ரலி சம்பியனானது இம்ப்ரெஸாவில்தான். நம் இளைஞர்கள் பலர் அந்த நீலநிறக் காரின் படத்தைச் சுவரில் ஒட்டி வளர்ந்தவர்கள். இவனும் அப்படித்தான்.

"எஞ்சின் முடிஞ்சி என்டு செல்றாங்க நானா. ரிங் போயிட்டாம். இன்னொரு இடத்துல டர்போ போயிட்டு என்டாங்க. ரெண்டையும் மாத்த ஐஞ்சு லட்சத்துக்கு மேல கேக்குறாங்க. வேற வழி ஈக்கா?"

எஞ்சின் முடிந்துவிட்டது என்ற சொல் ஊருக்குள் பரவினால் விலை பாதியாகும். புகைப் பரிசோதனையிலும் கார் தேறவில்லை. அந்தச் சான்றிதழ் இல்லாமல் வருமான அனுமதிப்பத்திரம் இல்லை. அது இல்லாத காரை வாங்க யார் வருவார்?

நான் அவனிடம் கேட்டது ஒரே கேள்விதான். "புகை எப்ப வருது தம்பி?"

அவனுக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. "எப்பவும்தான்" என்றான். எப்பவும் என்பது நோயாளி வைத்தியரிடம் "உடம்பெல்லாம் வலி" என்று சொல்வதைப் போன்றது. அதனால் மறுநாள் காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே அவனது வீட்டுக்குப் போனேன்.

சாவியைத் திருப்பியதும் ஒரு சிறு நீலப் புகை வந்து மறைந்தது. இந்த எஞ்சினில் சிலிண்டர்கள் நிமிர்ந்து நிற்பதில்லை. இரண்டு பக்கமும் எதிரெதிரே படுத்துக் கிடக்கின்றன. சரிவான முற்றத்தில் இரவு முழுக்க நிற்கும்போது கொஞ்சம் ஒயில் ஒரு பக்கம் தேங்கும். காலையில் அது எரிந்து தீரும். அதைக் குற்றமாக எடுக்கக் கூடாது.

பிறகு கண்டி வீதியில் கடுகண்ணாவைக்கு ஏறினோம். நம் ஊர்க்காரர்களுக்கு இறைவன் தந்த பரிசோதனைக்கூடம் அந்த ஏற்றம். எக்ஸலேட்டரை மிதித்து டர்போ காற்றை அமுக்கத் தொடங்கியதும், பின்கண்ணாடியில் வீதி தெரியாத அளவுக்கு நீலப் புகை. திரும்பி இறங்கும்போது காலை எடுத்துவிட்டு கியரிலேயே விடச் சொன்னேன். வால்வ் சீல்கள் தேய்ந்திருந்தால், இப்படி நெடுநேரம் இறங்கும்போது எஞ்சின் அந்த ஒயிலை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். அடிவாரத்தில் மீண்டும் மிதித்தவுடன் ஒரு பெரும் மேகமாகக் கக்கும். நாங்கள் மிதித்தோம். எதுவும் வரவில்லை. வால்வ் சீல்கள் நிரபராதிகள்.

சந்தியில் வாகன நெரிசலில் நின்றபோது பொனட்டின் காற்றுவாயிலிருந்து வேறொரு புகை எழுந்தது. அது சைலன்சரால் வரும் புகையல்ல. இடப்பக்க வால்வ் மூடியின் கஸ்கட் கசிந்து, கீழேயுள்ள சூடான எக்ஸோஸ்ட் குழாயில் ஒயில் சொட்டிக் கருகும் புகை. இரண்டு புகைகளையும் ஒன்றாகக் கணக்கெடுத்துத்தான் "எப்பவும்" என்று அவன் சொல்லியிருக்கிறான்.

கராஜுக்கு வந்து எஞ்சினைக் கழுவித் துடைத்தோம். கசிவைத் தேடுவதற்கு முதலில் கழுவ வேண்டும். ஒயில் சொட்டும் இடத்துக்கு அது வழிந்து வந்த வழி வேறு. காற்று அதைப் பின்னால் தள்ளும், புவியீர்ப்பு கீழே இழுக்கும். ஆகவே மேலிருந்து கீழே தேட வேண்டும், முன்னிருந்து பின்னே தேட வேண்டும். காய்ந்த எஞ்சினில் முகப்பவுடரைத் தூவிக் கொஞ்சம் ஓடவிட்டால், ஒயில் தன் பாதையைத் தானே வரைந்து காட்டும்.

அடுத்து, பிளக்குகளைக் கழற்றி அமுக்கம் பார்த்தேன். நான்கு சிலிண்டர்களிலும் 140க்கும் 150க்கும் இடைப்பட்ட இறாத்தல். ஒன்றுக்கொன்று பத்து வீத வித்தியாசம்கூட இல்லை. ரிங் போன எஞ்சின் இப்படிப் பேசாது. சாதாரண எஞ்சினில் சிலிண்டருக்குள் ஒரு கரண்டி ஒயில் ஊற்றி இரண்டாம் முறையும் அளப்போம். படுத்திருக்கும் சிலிண்டரில் அந்த ஒயில் சுற்றிவரப் பரவாது, அடியில் தேங்கும். அதனால் அந்தச் சோதனையை இதில் நம்புவதில்லை. அதற்குப் பதிலாகக் காற்றைச் செலுத்தி எங்கே கசிகிறது என்று கேட்டேன். ரிங் வழியாகப் போனது மிகச் சொற்பம்.

இனி டர்போ. நிமிடத்துக்கு ஒரு இலட்சம் தடவைக்கு மேல் சுழலக்கூடிய அச்சு அது. ஒயிலின் மெல்லிய படலம் ஒன்றுதான் அதைத் தாங்கி நிற்கிறது. பலர் நினைப்பதுபோல அதில் றப்பர் சீல் இல்லை. மெல்லிய உலோக வளையங்கள்தான் இருக்கின்றன. ஒயில் அழுத்தத்தோடு உள்ளே வந்து, தன் பாரத்தால் கீழே வடிந்து போக வேண்டும். வடியும் வழி அடைபட்டாலோ, எஞ்சின் வயிற்றுக்குள் அழுத்தம் கூடினாலோ, போக்கிடமற்ற ஒயில் வளையங்களைத் தாண்டி எக்ஸோஸ்ட்டுக்குள் போகும். அந்நேரம் புத்தம்புது டர்போ பூட்டினாலும் அதுவும் கசியத்தான் செய்யும். அச்சை விரலால் அசைத்துப் பார்த்தேன். பக்கவாட்டில் சிறு அசைவு, அது இருக்கத்தான் வேண்டும். முன்பின்னாக ஆட்டமில்லை. வடிகுழாயும் சுத்தம்.

ஆக, எஞ்சினின் வயிற்றுக்குள் அழுத்தம் ஏறுகிறது. அங்கே சேரும் ஆவியை இன்டேக் பக்கம் அனுப்பும் சிறியதொரு வால்வ் உண்டு, பி.சி.வி. என்போம். ஒரு திசையில் மட்டும் காற்றை விட வேண்டும். டர்போ அமுக்கும்போது மூடிக்கொள்ள வேண்டும். கழற்றித் துடைத்து வாயில் வைத்து ஊதினேன். போனது. மறுபக்கம் திருப்பி ஊதினேன். அப்போதும் போனது. ஒயில் மண்டி இறுகி, அது திறந்தபடியே நின்றுவிட்டிருந்தது. ஏற்றத்தில் டர்போ தரும் காற்று அந்த வாசலால் எஞ்சினின் வயிற்றுக்குள் புகுந்திருக்கிறது. ஒயில் டர்போவால் வடிய முடியாமல் எரிந்தது. வயோதிபக் கஸ்கட்டுகளால் வெளியே பிதுங்கியது. இரண்டு புகைக்கும் தாய் ஒன்றுதான்.

பஞ்சிகாவத்தையில் வால்வும் கஸ்கட்டுகளும் எடுத்துவந்து, இறுகிப்போன றப்பர் ஹோஸ்களையும் மாற்றிப் பூட்டினோம். கேட்ட ஐந்து இலட்சத்தில் இருபதில் ஒரு பங்கும் முடியவில்லை. ஆனால், முதல் ஓட்டத்திலும் புகை வந்தது. தம்பியின் முகம் வாடிவிட்டது. சைலன்சருக்குள் இத்தனை மாதம் ஊறிய ஒயில் எரிந்து தீரவேண்டாமா? கண்டிக்குப் போய்த் திரும்பச் சொன்னேன். திரும்பிவரும்போது பின்கண்ணாடியில் வீதி தெரிந்தது. அந்த வாரமே புகைப் பரிசோதனையில் தேறியது.

முன்னர் பார்த்த இருவரையும் நான் ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்ல மாட்டேன். நீலப் புகைக்கு அவர்களிடம் ஒரு தீர்ப்பு ஆயத்தமாக இருந்தது, அதைக் கொடுத்தார்கள். மனிதர்களைப் பற்றி நாம் பேசும்போதும் எழுதும்போதும் இதுதானே நடக்கிறது. நிறம் தெரிந்தவுடன் விசாரணை முடிந்துவிடுகிறது.

குருணாகலையிலிருந்து வாங்க வந்தவர் என்னிடம்தான் விசாரித்தார். கஸ்கட் கசிந்ததையும், பி.சி.வி. பழுதானதையும், டர்போ இந்த வயதுக்குரிய தேய்வோடு இருப்பதையும் சொன்னேன். தம்பி நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். பழைய வால்வை அவரிடமே கொடுத்தேன். அவரும் இரண்டு பக்கமும் ஊதிப் பார்த்துச் சிரித்தார். நான்கு சிலிண்டர்களின் அமுக்கத்தையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்ததும், அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அவர் விலை பேசத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.