கம்பு மாவு ஏன் கசக்குது?

"அண்ணே, கம்பை மாவா அரைச்சு அஞ்சு கிலோ அனுப்பிருங்க, வச்சு வச்சு செலவழிச்சிக்கிடுறோம்." சென்னையில இருந்து வர்ற போன்ல பாதி இப்படித்தான். தானியமா அனுப்புறேன், மாவா மட்டும் கேக்காதீங்கன்னு சொன்னா சிலருக்கு வருத்தம். காரணம் கம்புக்குள்ளயே இருக்கு.

நூறு கிராம் கம்பில் ஐந்து கிராமுக்கு மேல் கொழுப்பு உண்டு. அரிசி, கோதுமையை விட இது ரொம்ப அதிகம். பெரும்பகுதி முளைக்கருவில் இருக்கிறது. அந்தக் கொழுப்பை உடைக்கிற லைபேஸ் என்ற நொதியும் அதே மணிக்குள்தான் இருக்கு. மணி முழுசா இருக்கிறவரை ரெண்டும் தனித்தனியாக் குடியிருக்கும். அரைத்ததும் நடுச்சுவர் இடிந்துவிடும். சில நாளிலேயே மாவு கசந்து, ஒரு மக்கின வாடை வந்துரும். அதே கம்பை நல்லாக் காயவச்சு மூட்டை போட்டா அடுத்த வெள்ளாமை வரைக்கும் கிடக்கும்.

இது தெரியாமல் நஷ்டப்பட்டவங்க எங்க தெருவிலேயே இருக்காங்க. நாலு பெண்கள் குழுக்கடன் வாங்கி, குளத்தூர்ல மில்லில் அரைத்து, பாக்கெட் போட்டு ஒரு நகரத்துக் கடைக்கு அனுப்பினாங்க. மூணாவது வாரம் அத்தனையும் திரும்பி வந்துருச்சு. கசக்குதாம், கலப்படமாம். "நம்ம காட்டுக் கம்பைப் போயி கலப்படம்னுட்டானே தம்பி"ன்னு மதினி புலம்பினது இன்னும் காதுல கேக்கு. தவணை மட்டும் மாசாமாசம் வருது.

அந்தக் கடைக்காரர் சொன்ன வழி, நல்லாத் தீட்டி வெள்ளையா அரைங்க, கெடாது என்பது. அதில் உண்மை இருக்கு. தவிடும் முளைக்கருவும் போனால் கொழுப்பு குறையும், மாவு தாங்கும். ஆனால் நார்ச்சத்தும் இரும்புச்சத்தும் அதோட சேர்ந்து குறைஞ்சுரும். குதிரைவாலிக்கும் இதே கதைதான். உமியை நீக்கித்தான் ஆகணும். தவிட்டையும் சேர்த்துத் தீட்டினால் பார்க்க அழகா இருக்கும், கடையில் ரொம்ப நாள் இருக்கும். லாபம் கடைக்கு, நட்டம் தின்கிறவருக்கு.

எங்க ஆத்தா காலத்தில் யாரும் மாவை வச்சிருந்து பொங்கலை. அன்னன்னைக்கு வேணுங்கிற கம்பில் தண்ணி தெளிச்சு, உரலில் குத்தி, சொளகில் புடைச்சு, மறுபடி இடிச்சு உலையில் போடுவாங்க. மிஞ்சின சோத்தை உருண்டை பிடிச்சுத் தண்ணியில் போட்டா காலைக்குக் கஞ்சி. கூழுக்கு மாவைக் கரைச்சு ஒரு ராத்திரி புளிக்க வைப்பாங்க.

அந்தப் புளிப்புக்கு ஒரு வேலை உண்டு. கம்பில் நூறு கிராமுக்கு ஆறு மில்லிகிராம் போல இரும்புச்சத்து இருந்தாலும், ஃபைட்டிக் அமிலம் அதைப் பிடிச்சு வச்சுக்கிட்டு உடம்பில் முழுசா சேரவிடாது. ஊறவைப்பதும், முளைகட்டுவதும், புளிக்கவைப்பதும் அந்தப் பிடியைத் தளர்த்தும். கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காய்த் துவையலோ இருந்தா இன்னும் நல்லா ஒட்டும். சாப்பிட்ட கையோட டீ குடிச்சா அது கெடும்.

மாவாத்தான் வேணும்னா ரெண்டு வழி. கம்பைக் கொதிக்கிற தண்ணியில் அரை நிமிஷம் போட்டு எடுத்து, வெயிலில் நல்லாக் காயவச்சு அரைக்கலாம். இல்லேன்னா வாசம் வர வறுத்து அரைக்கலாம். சூடு பட்டா நொதி அடங்கும், கசப்பு தள்ளிப்போகும். மதினி குழு இப்ப முதல் வழியில்தான் சின்னச் சின்னப் பாக்கெட்டா போடுறாங்க.

மாவோட குணமும் மாறும். வறுத்த மாவு தண்ணியை நல்லா இழுக்கும். முளைகட்டின மாவில் ஸ்டார்ச் உடைவதால் கஞ்சி கெட்டிப்படாது, லேசா இனிக்கும். அதனால ஒரே கிண்ணத்தில் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் கூடவே மாவு போட்டுக் காய்ச்சலாம். ரொட்டிக்கு வெந்நீர் விட்டுப் பிசையுங்க. கோதுமையில் இருக்கிற குளூட்டன் இதில் கிடையாது. வெந்நீரில் ஸ்டார்ச் இளகினால்தான் மாவு ஒட்டும்.

2013 குயினோவா ஆண்டு, 2023 சிறுதானிய ஆண்டுன்னு ஐ.நா. அறிவிச்சுது. குயினோவாவைக் கழுவாமல் சமைச்சா மேல்தோலில் இருக்கிற சபோனின் கசக்கும். தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைக்காரங்க அதைத் தேய்ச்சுக் கழுவித்தான் பொங்குவாங்க. எந்தத் தானியத்துக்கும் ஒரு பக்குவம் உண்டு.

கரிசலுக்கு ஏத்த ரகம் தேடுற வேலை கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் 1901 முதல் நடக்குது. ரகம் கிடைக்கும், வாங்க ஆள் வேணுமே. எங்க பக்கம் கம்பங்காடெல்லாம் மக்காச்சோளமா மாறிக்கிட்டே போகுது. அதனால இந்தப் புரட்டாசியில் கம்பு விதைக்கலாமா வேண்டாமாங்கிறது உங்க மிக்சியிலயும் கொஞ்சம் இருக்கு. தானியமா வாங்குங்க, வாரத்துக்கு வேணுங்கிறதை மட்டும் அரைங்க.