பஃபலோ சாலையில் எருமை எங்கே?

சிங்கப்பூரில் தேக்கா பக்கம் இருக்கும் பஃபலோ சாலையில் எருமை எங்கே என்று ஒரு பிள்ளை கேட்டால், "19ஆம் நூற்றாண்டில் மாட்டு வியாபாரம் நடந்த இடம்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவோம். கேள்வி அங்கேயே செத்துப்போகும்.

டொரொண்டோவின் கல்வி ஆய்வாளர்கள் ஸ்கார்டமாலியாவும் பெரைட்டரும் வளர்த்த கற்பித்தல் முறை வேறு. 'என் கருத்து இது', 'நான் புரிந்துகொள்ள வேண்டியது இது' என்று பிள்ளைகளே இணையத்தளத்தில் எழுதுவார்கள். ஒருவர் எண்ணத்தை அடுத்தவர் செம்மைப்படுத்துவார். இங்கே தேசியக் கல்விக் கழக ஆய்வாளர்கள் பள்ளி ஆசிரியர்களோடு சேர்ந்து பல ஆண்டுகளாக இதைச் செய்துவருகிறார்கள். எனக்குப் பிடித்ததே அந்தக் கூட்டுதான். பின்வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்துப் போகும் ஆராய்ச்சியால் ஆசிரியருக்கு என்ன லாபம்? பிள்ளைகள் எழுதியதை இருவரும் ஒன்றாகப் படித்தால்தானே அடுத்த பாடம் மாறும்?

பிஎஸ்எல்இ தேர்வு நேரத்தில் இதெல்லாம் நடக்குமா என்று பெற்றோர் கேட்கலாம். நியாயம்தான். தொடக்கநிலை மூன்றிலேயே ஆரம்பிக்கலாமே, அதுவும் தமிழ் வகுப்பில்!