இல்லை என்று எழுதிய பக்கங்கள்

வேடந்தாங்கலுக்கு வருபவர்கள் ஏரியைப் பார்ப்பார்கள். அம்மா ஏரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கரையோர மரங்களைப் பார்ப்பாள். “நாரையை யார் வேணா எண்ணலாம். கதிர்க்குருவிக்குத்தான் பொறுமை வேணும்” என்பாள். இந்த ஜனவரியிலும் அப்படித்தான் நின்றிருந்தோம்.

கதிர்க்குருவிகளைக் கண்ணால் பிரித்தறிவது கஷ்டம். பல வகைகள் சிட்டுக்குருவியைவிடச் சிறியவை, மங்கிய பச்சை அல்லது பழுப்பு நிறம், ஓரிடத்தில் நிற்காது. குரலை வைத்துத்தான் பிடிக்க வேண்டும். புதருக்குள் நாக்கைச் சொடுக்குவதுபோல ‘டக், டக்’ என்றால் பிளித் நாணல் கதிர்க்குருவி. மேலே இலைகளுக்குள் கூர்மையாக ‘சிஸ்லிட்’ என்றால் பச்சைக் கதிர்க்குருவி. எடை சுமார் 8 கிராம்தான். இமயமலையிலும் அதற்கு வடக்கேயும் கூடு கட்டி, குளிர்காலத்துக்கு இவ்வளவு தூரம் வருகிறது. இதெல்லாம் அம்மா சொல்லிக்கொடுத்தது.

புதரில் ‘டக்’ கேட்டதும் அம்மா நோட்டில் குறித்தாள். அதே நேரம் தலைக்கு மேலே ‘சிஸ்லிட்’. ஒருமுறை, இன்னொருமுறை. அம்மாவின் பேனா அசையவில்லை.

“பச்சை இருக்கும்மா.”

“எங்கடி? அது நாலு வருஷமா இந்தப் பக்கம் வர்றதே இல்லை.”

கிளையைக் காட்டினேன். பைனாகுலரைத் தூக்கினாள். இறக்கையில் மெல்லிய வெளிர்கோடு, கண்ணுக்கு மேல் நீளப் புருவம். அவளுக்குச் சந்தேகமே இல்லை. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: “வாயத் திறக்குதுடி.”

எனக்குப் பதில் வரவில்லை. வயதாகும்போது காது முதலில் இழப்பது உச்சத்தில் ஒலிக்கும் சத்தங்களை. பேச்சு கேட்கும், காக்கை கேட்கும், ‘டக்’ கேட்கும். அதனால் எதையோ இழந்தது யாருக்கும் தெரியாது, இழந்தவருக்கும்கூட.

கரையில் உட்கார்ந்தோம். “பூச்சிமருந்துதான் காரணம்னு எத்தனை பேர்கிட்ட சொல்லியிருக்கேன்” என்றாள். காது போனதைவிட அதுதான் அவளை உறுத்தியது. டாக்டரிடம் போகலாம் என்றேன். “போலாம், போலாம். முதல்ல இதை முடிச்சிடறேன்.”

அன்றைய பக்கத்தில் ‘பச்சைக் கதிர்க்குருவி 1, கேட்டது மகள்’ என்று எழுதினாள். பிறகு நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினாள். நான்கு வருடப் பக்கங்களிலும் அந்தப் பெயருக்கு எதிரே ‘இல்லை’ என்றிருந்தது. ஒவ்வொன்றையும் அடித்துவிட்டு, பக்கத்தில் நிதானமாக எழுதினாள்: ‘கேட்கவில்லை.’