ஏணிப்படி அட்டையும் இரண்டு குளோரினும்

சுவர் இதழுக்குக் கவிதை எழுதிக் கொடு என்றார்கள். எனக்குக் கவிதை வராது. அதனால் நடந்ததை எழுதுகிறேன்.

நான் மூணாவது வரைக்கும் கடலூர் மாவட்டத்தில் ஆயா வீட்டில் இருந்து படித்தேன். பாகூரில் பஸ் ஏறினால் கொஞ்ச நேரம்தான், ஆனால் மாநிலமே வேற. அங்கே பெஞ்ச் கிடையாது, பாய்தான். செயல்வழிக் கற்றல் என்று பெயர். சுவரில் ஏணிப்படி போட்ட பெரிய அட்டை தொங்கும். நாம எந்தப் படியில் இருக்கிறோமோ அந்தப் படத்தைப் பார்த்து, தட்டிலிருந்து அதே படம் போட்ட அட்டையை எடுத்துக்கிட்டு உட்காரணும். சுவர் ஓரமாகத் தாழ்வான கரும்பலகை, ஆளுக்கு ஒரு கட்டம். வரைந்த படமெல்லாம் தலைக்கு மேலே கம்பிப் பந்தலில் ஆடும். டீச்சரும் பாயில்தான் உட்காருவாங்க.

ரெண்டாவது படிக்கும்போது அம்மை போட்டு மூணு வாரம் போகவில்லை. பயந்துகிட்டே திரும்பிப் போனேன். நான் விட்ட அட்டை அதே தட்டில் இருந்தது. அதிலிருந்தே தொடங்கினேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. (குறையும் உண்டு. டீச்சர் வேற குழுவில் இருந்தால், பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதிவிட்டு "முடிச்சிட்டேன் டீச்சர்" என்பேன்.)

இந்த முறை ஆந்திராவில் ரிஷிவேலிப் பள்ளியில் இருந்து வந்ததாம். அங்கே சுற்றியுள்ள கிராமப் பள்ளிகளுக்காக அட்டைகள் செய்தார்கள். சென்னை மாநகராட்சி ஆசிரியர்கள் போய்ப் பார்த்து, திரும்பி வந்து தாங்களே அட்டை தயாரித்து, 2003இல் 13 பள்ளிகளில் தொடங்கினார்கள். அப்போது மாநகராட்சி ஆணையர் எம்.பி. விஜயகுமார். 2007-08இல் தமிழ்நாடு முழுக்கப் போனது.

கொரோனாவில் பள்ளி மூடியதும் அம்மா என்னை இங்கே கூட்டி வந்துட்டாங்க. 2023-24இல் புதுச்சேரி அரசுப் பள்ளிகளில் ஆறாவது முதல் ஒன்பதாவது வரை சி.பி.எஸ்.இ. ஆனது. அப்போது நான் ஏழாவது. புத்தகம் எல்லாம் இங்கிலீஷ். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் எல்லோரும் சேர்ந்து "புரிஞ்சுது மிஸ்" என்போம். நானும்தான் சொல்வேன். இந்த வருஷம் முதல் தேர்வில் அறிவியலில் 40க்கு 9. அந்தத் தாளை அரிசி டின்னுக்கு அடியில் வைத்தேன். அம்மா அரிசி எடுக்கும்போது பார்த்துட்டாங்க. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. "உனக்கு ஏறலன்னா சொல்லிடு, என்கூட நடவுக்கு வந்துடு" என்றார்கள்.

மறுநாள் மிஸ்ஸிடம் அழுதுகொண்டே ஏணிப்படியைப் பற்றிச் சொன்னேன். எதற்கு அதைச் சொன்னேன் என்று தெரியவில்லை. மிஸ் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "இணைதிறனுக்கு நீயே அட்டை செய்து கொண்டு வா" என்றார்கள்.

பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டினேன். சோடியத்துக்கு ஒரு காடி, மக்னீசியத்துக்கு இரண்டு, அலுமினியத்துக்கு மூன்று. குளோரினுக்கு ஒரு மூக்கு, ஆக்சிஜனுக்கு இரண்டு. காடியில் மூக்கு எல்லாம் பொருந்தணும், மிச்சம் இருக்கக் கூடாது. மக்னீசியத்தோடு ஒரு குளோரினைச் சேர்த்தால் ஒரு காடி காலியாக நிற்கும், அதனால் இரண்டு குளோரின் வேணும். அலுமினியத்தில்தான் சண்டையே வந்தது. ஒரு அலுமினியம், ஒரு ஆக்சிஜன்: காடி மிச்சம். இரண்டு ஆக்சிஜன்: மூக்கு மிச்சம். கடைசியில் எப்பவும் பேசாத கடைசி பெஞ்ச் பையன் ஒருத்தன் இரண்டு அலுமினியத்தையும் மூன்று ஆக்சிஜனையும் வைத்தான். ஆறுக்கு ஆறு! வகுப்பே கத்தியது, பக்கத்து வகுப்பு சார் எட்டிப் பார்த்தார்.

மிஸ் சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கு: "இத்தனை வருஷமா எண்ணைக் குறுக்கே மாத்திப் போடுன்னு மட்டும்தான் சொல்லிக் கொடுத்தேன். ஏன்னு யாரும் கேட்டதில்ல, நானும் சொன்னதில்ல." அடுத்த வாரம் அந்த எட்டிப் பார்த்த சார் அட்டைகளைக் கடன் வாங்கிப் போனார். சோடியத்துக்கும் குளோரினுக்கும் காடி மூக்கு சரி, ஆனால் எலக்ட்ரான் பகிர்ந்துகொள்ளும் தண்ணீருக்கு இது பொருந்தாது என்று சொல்லி மிஸ்ஸோடு கால் மணி நேரம் பேசினார். இரண்டு பேரும் சேர்ந்து இப்போது வேற அட்டை செய்கிறார்கள்.

அடுத்த தேர்வில் எனக்கு 40க்கு 21. அம்மாவிடம் நானே காட்டினேன். நடவு பற்றி ஒன்றும் பேசவில்லை.

அட்டைப் பெட்டி நூலக அலமாரியில் இருக்கிறது. இரண்டு குளோரின் காணோம். எடுத்தவர்கள் தயவுசெய்து திருப்பி வைத்துவிடுங்கள், யார் என்று கேட்க மாட்டேன்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி