வல்வெட்டித்துறையிற் கத்தி வாங்கிய கதை

வல்வெட்டித்துறைக்குச் செல்வோர் முத்துமாரியம்மன் கோயில் இந்திர விழாவுக்குச் செல்வர். தைப்பொங்கலன்று பட்டப் போட்டி காணச் செல்வர். உறவினர் வீட்டுக் கலியாணத்துக்குச் செல்வர். கத்தி வாங்குவதற்கென்றே அவ்வூருக்குப் பஸ் ஏறியவர் நம்மையன்றி வேறெவரும் உளரோ என்பது ஐயமே. மார்கழி மாதத்துக் கடைசி ஞாயிற்றுக்கிழமை காலையில், வெறுஞ் சாக்குப்பையொன்றைக் கையில் ஏந்தி யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் நின்ற நம்மைக் கண்ட நண்பரொருவர், "மரக்கறி வாங்கவோ?" என்று வினவினார். "இல்லை, கத்தி வாங்க" என்றோம். அவர் அதற்குமேல் ஒன்றுங் கேட்டாரில்லை.

விஷயம் இதுதான். நாம் கல்லூரியிற் பாடஞ் சொல்லிக்கொடுப்பதோடு சாரணர் படையையும் கவனித்து வருகிறோம். 1912இல் மாத்தளையில் முளைவிட்ட இலங்கைச் சாரணியம் நூறாண்டு கடந்தும் நம் பிள்ளைகளைக் காட்டுக்கு இழுத்துச் செல்கிறது. சென்ற ஆவணி விடுமுறையில் வன்னிக் காட்டோரத்திற் பாசறை அமைத்தோம். அதற்காக நகரத்துக் கடையொன்றில் ஆறு கத்திகள் வாங்கியிருந்தோம். என்ன அழகான கத்திகள்! முகம் பார்க்கத்தக்க பளபளப்பு, முதுகிலே வாட்பற்கள், பிடியைத் திருகினால் உள்ளே தூண்டிலும் தீக்குச்சியும், பிடியின் முனையில் ஒரு திசைகாட்டி. இரண்டாம் நாள் மாலை, விறகு பிளந்துகொண்டிருந்த மாணவனொருவனின் கையில் அக்கத்தி பிடியோடு ஒடிந்தது. அலகு திரும்பி அவனது உள்ளங்கையைக் கிழித்தது. நான்கு தையல் போடவேண்டியதாயிற்று. திசைகாட்டி மட்டும் ஒடிந்த பிடியிலிருந்து வடக்கைச் சரியாகக் காட்டிக்கொண்டிருந்தது.

பிடிக்குள்ளே பொருள் வைக்க இடமிருந்தால், அங்கே இரும்பு இல்லையென்பது கருத்து. பட்டதாரியாகிய நமக்கு இவ்வளவு எளிய கணக்குத் தோன்றவில்லை. பையன் அதன்பின் சாரணர் கூட்டத்துக்கு வரவில்லை. இனி அவனைப் பாசறைக்கு அனுப்புவதில்லையென்று தாயார் சொல்லிவிட்டார். அவர் பேரிற் குறை சொல்ல நமக்கு வாயில்லை. பையனுடைய பாட்டனார் மாத்திரம் ஒரு செய்தி அனுப்பியிருந்தார்: "மாஸ்ரரை ஒருக்கா ஊருக்கு வரச்சொல்லு. கத்தி எப்பிடி வாங்கிறதெண்டு காட்டுறன்."

யாழ்ப்பாணத்திலிருந்து அச்சுவேலி வழியாகச் செல்லும் பாதை ஏறக்குறைய 30 கிலோமீற்றர். செம்மண் தோட்டங்களைக் கடந்து தொண்டைமானாற்றை அடைந்ததும் காற்றின் குணமே மாறிவிடுகிறது. செல்வச்சந்நிதி முருகனை பஸ்ஸிலிருந்தபடியே கும்பிட்டுத் தலை நிமிர்ந்தால், இடப்புறத்திற் கடல்!

பாட்டனாருக்கு எண்பது வயதிருக்கும். இளமையிற் கப்பலோடியவர், அவருடைய தந்தையார் மரக்கலங் கட்டிய ஓடாவி. இவ்வூர் ஓடாவிமாரின் கைத்திறன் உலகறிந்தது. இங்கே கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பலை, சிறு படகில் உலகைச் சுற்றிவந்த அமெரிக்கராகிய வில்லியம் அல்பேட் றொபின்சன் விலைக்கு வாங்கித் தம் மனைவியார் பெயரைச் சூட்டினார். வல்வை மாலுமிகள் செலுத்திச் சென்ற அக்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. வேப்பமரத்திலே கட்டிய கப்பல்! நாம் இக்கதையைத் தொடங்கியதும் பெரியவர் கையமர்த்தினார். "கப்பல் கதை எல்லாருஞ் சொல்லுவினம், மாஸ்ரர். அந்த மரத்தைச் செதுக்கின இரும்பைப்பற்றி ஆரும் சொல்லுறேல்லை" என்று கூறி, பெட்டியிலிருந்து தந்தையாரின் கத்தியை எடுத்தார். சாணான அளவு, கறுத்த அலகு, பல்லாண்டு தீட்டித் தீட்டி ஒடுங்கிய வாய். பிடியை உற்று நோக்கினோம். அலகின் இரும்பு பிடியின் கடைசிவரை ஓடி, இரு மரத்துண்டுகளுக்கு நடுவே மூன்று ஆணிகளால் அறையப்பட்டிருந்தது.

"பேரன்ரை கையை வெட்டினது இது இல்லாத கத்தி" என்றார் பெரியவர்.

அவரும் பேரனும் நாமுமாக உடுப்பிட்டிப் பக்கத்து ஒழுங்கையொன்றிலிருந்த கொல்லுப்பட்டறைக்கு நடந்தோம். துருத்தி இருந்த இடத்தில் இப்பொழுது மின்விசிறி காற்றூதுகிறது. சிரட்டைக்கரியும் பட்டடையும் சம்மட்டியும் பழையனவே. மூலையிற் பழைய லொறிகளின் வில்லுத்தகடுகள் குவிந்து கிடந்தன. "தடைக்காலத்திலை இதுதான் எங்களுக்கு இரும்புச் சுரங்கம்" என்றார் கொல்லர். 1990களில் குடாநாட்டுக்குப் பொருள் வராதிருந்த நாட்களை நினைவுகூர்ந்தே அவ்வாறு சொன்னார். பாரஞ் சுமந்து வளைந்து நிமிர்ந்து பழகிய உருக்கு ஆதலின், அது எளிதில் ஒடியாது.

உலையிலிட்ட அலகு செங்கனல் நிறம் அடைந்தபோது அதை எண்ணெயில் தோய்த்தார். ஏறக்குறைய 770 பாகை வெப்பத்தில் இரும்பு காந்தத்துக்கு வசப்படாது போகிறது. அந்நிலையையும் சற்றுத் தாண்டியபின் தோய்த்தாலே உருக்குக் கடினமாகும். வகுப்பில் நாம் காந்தங் கொண்டு விளக்குவதை அவர் கண்ணால் அறிகிறார். அத்துடன் வேலை முடியவில்லை. அவ்வளவில் விட்டால் அலகு கண்ணாடிபோல் உடையும். தேய்த்து வெளிறாக்கி, மீண்டும் இளஞ்சூட்டில் வாட்டி, வைக்கோல் நிறம் படருங் கணத்தில் எடுத்தார். "இந்த நிறத்தைத் தவறவிட்டா, திருப்பி முதலிலையிருந்து" என்றார்.

பின்னர் எட்டுக் கத்திகளை நம் முன் பரப்பினார். விரலளவாய் நான்கு அங்குல அலகு. முதுகிலே மூன்று மில்லிமீற்றர் தடிப்பு. இதைவிட நீண்டது செடி வெட்டவே உதவும். தடித்தது சீவுவதற்கு உதவாது. விறகு பிளப்பதாயின் அலகை மரத்தில் வைத்து முதுகிலே தடியால் தட்டவேண்டும். ஆகையால் முதுகிற் பற்கள் கூடாது. வில்லுக்கத்தி பாக்குச் சீவவும் மாம்பழம் நறுக்கவும் போதும். காட்டுக்கு மடக்காத கத்தியே துணை. அரத்தை வாயிலே மெல்ல இழுத்தபோது கடிக்காமல் வழுக்கியோடினால், அலகு நன்றாய்த் தோய்ந்திருக்கிறது. துருவேறா உருக்குக்கு ஒரு நயமுண்டு, ஐயமில்லை. ஆனால் வில்லுத்தகட்டுக் கத்தியைக் காட்டில் ஒரு கல்லிலே தீட்டிக்கொள்ளலாம். அதற்குக் கூலியாகக் கடற்காற்றில் ஒரே இரவிற் சிவக்கும். துடைத்துத் தேங்காயெண்ணெய் பூசி வைக்கவேண்டும். சோம்பேறிகள் இதை வாங்கலாகாது.

சுவீடன் நாட்டு மோரா என்னும் ஊரிலும் இத்தகைய எளிய கத்திகளே செய்கிறார்கள். 1891 முதல் அவ்வூர்த் தொழிற்சாலைகளிலிருந்து வந்த கத்திகளைத் தச்சரும் வேடரும் குறைந்த விலைக்கு வாங்கி வந்திருக்கின்றனர். அவற்றுட் சிலவற்றில் இரும்பு பிடியின் கடைசிவரை செல்வதில்லை. ஆயினும் இறுகப் பொருந்தியிருப்பதால் உழைக்கின்றன. பிடி மரமா, பிளாஸ்திக்கா என்பதன்று கேள்வி, அசைகிறதா என்பதே. நம் பட்டறைக் கத்திக்கு மேலும் ஒரு வசதியுண்டு: பிடி பிளந்தால் பூவரசங் கிளையொன்றை வெட்டி நாமே புதிதாக இடலாம். கிழவர்களின் கத்திகள் மூன்று நான்கு பிடிகளைக் கண்டிருக்கின்றன.

எட்டில் ஒன்றின் பிடியை ஆட்டிப் பார்த்துப் புறத்தே வைத்தோம். மற்றொன்றில் ஆணி சற்று உயர்ந்து கையை உறுத்தியது; அதையும் ஒதுக்கினோம். கொல்லர் கோபிக்கவில்லை. "மாஸ்ரர் இப்பத்தான் சோதனை பாஸ் பண்ணினவர்" என்று சிரித்தார். மீதி ஆறுக்கும் தோலுறையுடன் அவர் கேட்ட விலை, நகரத்து மினுக்குக் கத்திகளுக்கு நாம் கொடுத்ததிற் பாதிக்குச் சற்று மேல். பேரம் பேச மனம் வரவில்லை.

இத்தனைக்கும் பையன் வாசற்படியிலேயே நின்றான். கொல்லர் ஒரு கத்தியைப் பிடிப்புறமாக அவனிடம் நீட்டினார். "பிடியும், தம்பி." அவன் நம் முகத்தைப் பார்த்தான். அவன் உள்ளங்கைத் தழும்பு இன்னும் சிவந்தே இருந்தது. நாம் என்ன சொல்வது? பாட்டனார்தாம் அவன் தோளைத் தொட்டார்: "பட்டத்துக்கு மூங்கில் சீவவேணுமெல்லே? வா. வெட்டு எப்பவும் உன்னை விட்டு வெளியாலை போகவேணும். அவ்வளவுதான்."

வீட்டு முற்றத்திலே, வேம்பின் நிழலில், முதற் சலாகையை அவன் மிகமிக மெதுவாகச் சீவினான். இரண்டாவதைச் சற்று விரைவாய். பொங்கலுக்குக் கொக்குப்பட்டமாம், விண் பூட்டப்போகிறானாம், முச்சை கட்டுவது பாட்டனார் பொறுப்பாம். நாம் கேளாமலே சொல்லிக்கொண்டிருந்தான்.

தேநீர் கொண்டுவந்த தாயார் சிறிது நேரம் அவன் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். பின்பு நம் பக்கத்திலிருந்த கத்திகளில் ஒன்றை எடுத்து, பிடியை ஆட்டிப் பார்த்து, அடுக்களைக்குட் சென்றார். பூசணிக்காய் பிளக்கும் ஓசை கேட்டது. திரும்பி வந்தபோது கத்தி அவர் கையில் இல்லை.

"சித்திரை விடுமுறையிலை பாசறை..." என்று இழுத்தோம்.

"பொங்கல் கழியட்டும், சேர். பாப்பம்" என்றார்.

மாலை பஸ்ஸிற் சாக்குப்பையில் ஐந்து கத்திகளுடன் திரும்பினோம்.